விபூதியால் தேய்த்த வெள்ளி டாலர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் குடியிருக்கும் ராமலிங்கம் அங்கிளுக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. இடது கண்ணுக்கும் தேதி கொடுத்திருந்தார்கள்.

2. அதே வாரம் அவருடைய மனைவி தனம் ஆன்ட்டி தீபாவளிக்காகப் பூஜைச் சாமான்களைத் துலக்கினார். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி.

3. வெள்ளி விளக்கோடும் குங்குமச் சிமிழோடும் சேர்த்து, அங்கிளின் அலமாரியிலிருந்த ஒரு வெள்ளிக் காசையும் தேய்த்தார். புதுக் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியட்டும் என்று நினைத்தார்.

4. அது ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த, பிரிட்டிஷ் காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் ஒரு டாலர். பல வருடங்களாக அதன்மேல் தானாக ஒரு நீலம் ஏறியிருந்தது. அங்கிள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததே அந்த நீலத்துக்காகத்தான். தேய்த்ததில் நீலம் போய்விட்டது.

5. அங்கிள் காசை எடுத்துப் பார்த்தார். நீலம் தெரியவில்லை. காசுக்கு ஏதோ ஆகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

6. ஆகவே இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று முடிவு செய்தார்.

7. தனம் ஆன்ட்டி என்னைத் தேடி வந்தார்.

நான் இந்தக் கதைக்குள் வருவது ஏழாவதில்தான். ஆனால் மற்ற ஆறும் புரிய வேண்டுமென்றால் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

என் மேசை

தேக்கா சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கடை இருக்கிறது. பழைய காசு வாங்குவோம், விற்போம். அதோடு, காசுகளைச் சோதித்துப் பாதுகாக்கும் வேலையும் செய்கிறோம். அந்த வேலை என்னுடையது. பாலிடெக்னிக்கிலும் பிறகு பல்கலைக்கழகத்திலும் நான் படித்தது உலோகங்களைப் பற்றி. என் மேசைமேல் ஒரு நுண்ணோக்கி, இரண்டு விளக்குகள், வடிகட்டிய தண்ணீர், அசிட்டோன், பஞ்சில்லாத துணி. மாடிப்படியில் ஏறும்போது கீழே மல்லிகை வாசனையாகவும் மேலே அசிட்டோன் வாசனையாகவும் இருக்கும். நடுப்படியில் இரண்டும் கலந்து ஒரு மாதிரி இருக்கும். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

கடை உரிமையாளர் அந்தோணியை நான் பாஸ் என்றே கூப்பிடுவேன். முதல் நாள் அவர் கறுத்துப்போன ஒரு வெள்ளிக் காசைக் காட்டி, இது ஏன் இப்படி ஆனது என்று கேட்டார். நான் உற்சாகமாகச் சொன்னேன். காற்றிலும் காகிதத்திலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்போது வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம், ரொம்பவும் தடித்துவிட்டால் கறுப்பு. வெளிச்சம் படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்புவதால் வரும் நிறம் அது. சாயம் எதுவும் இல்லை. இப்படியே சொல்லிக்கொண்டு போனேன். பாஸ் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி லா. இத கஸ்டமருக்கு ஒரே வரியில சொல்லு பாப்போம்."

என்னால் முடியவில்லை. அந்த ஒரு வரி கிடைக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: அது அழுக்கு இல்லை, அதுவும் வெள்ளிதான்.

டோனிங் என்று எங்கள் தொழிலில் சொல்வது இந்த நிறமேற்றத்தைத்தான். நிறமேறிய காசைச் சுத்தம் செய்யலாமா என்று கேட்காத ஆளே இல்லை. பெரும்பாலானோர் சுத்தம் செய்துவிட்டு வந்துதான் கேட்கிறார்கள். பற்பசை போட்டவர் வந்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அழித்தவர் வந்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கென்று ஒரு தனி வழி உண்டு, விபூதி. வீட்டில் வெள்ளி விளக்கை அப்படித்தான் துலக்குகிறோம். என் அம்மாவும் அப்படித்தான் செய்கிறார். விளக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது, காசு தாங்காது. விபூதி மிக நுண்ணிய தூள்தான், ஆனாலும் தூள். நுண்ணோக்கியில் பார்த்தால் துணி சுழன்ற வழியெல்லாம் முடி மாதிரி கோடுகள் தெரியும். ஹேர்லைன் என்போம். அந்தக் கோடுகளை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

அதற்காக எதையுமே தொடமாட்டேன் என்பதில்லை. பிளாஸ்டிக் ஆல்பத்தில் கிடந்து பச்சையாகப் பிசுபிசுத்திருந்தால் அசிட்டோனில் போட்டு எடுப்பேன். அதை விட்டால் காசையே அரித்துவிடும். தூசு, எண்ணெய், மஞ்சள் தூள் இதெல்லாம் மேலே ஒட்டியவை, எடுத்துவிடலாம். மேலே ஒட்டியதா, காசே அப்படி ஆனதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. காசே அப்படி ஆகியிருந்தால் கை வைப்பதில்லை. நிறத்தை எடுக்கிறேன் என்று போனால் அந்த நிறமாக மாறிய வெள்ளியும் கூடவே போகும். தடிமனாகக் கறுத்து எழுத்தே தெரியாமல் போன காசை மருந்தில் ஒரு முறை முக்கி எடுப்பவர்கள் உண்டு. பாஸ் ஒரு காலத்தில் நிறையச் செய்திருக்கிறார். வெளியே வரும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். அச்சடித்த காசுக்கு இருக்கும் அந்த உயிரான மினுக்கம் இருக்காது. வாங்க வருகிறவர்கள் பளபளப்பைத்தான் கேட்டார்கள், நானும் கொடுத்தேன் என்பார் பாஸ்.

எட்வர்டின் சால்வை

ராமலிங்கம் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் வருவார். படியேறும்போதே, காசு டாக்டர் இருக்காங்களா என்று குரல் கொடுப்பார். வாங்குவது அபூர்வம். பார்ப்பார், பேசுவார், கீழே ஆன்ட்டிக்குப் பூ வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்.

எட்வர்ட் டாலரை அவர் எனக்கு முதலில் காட்டியபோது நான் விளக்கைச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தேன். மன்னரின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு பட்டை நீலம். அதன் இரண்டு ஓரத்திலும் ஊதா. தலைக்குப் பின்னால் செம்பழுப்பு மெல்லக் கரைந்து வெள்ளியாகிறது.

"யாரோ எட்வர்டுக்குப் பொன்னாடை போத்தியிருக்காங்க பாருங்க. கட்சிக் கூட்டத்துல போத்துற மாதிரி" என்றார் அங்கிள்.

அந்தச் சால்வை எப்படி வந்தது என்றும் சொன்னார். கல்யாணமான புதிதில் அந்தக் காசை ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே ரப்பர் பேண்டு சுற்றி, ஆன்ட்டியின் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறார். ஊசியும் கத்தரிக்கோலும் கிடக்கும் டிராயர் என்பதால் பிள்ளைகள் யாரும் திறக்கமாட்டார்கள். பிறகு அவரே மறந்துவிட்டார். மூன்றறை வீட்டிலிருந்து இப்போதிருக்கும் வீட்டுக்கு மாறும்போது உறை கையில் அகப்பட்டது. பிரித்தால் எட்வர்ட் நீலமாக இருந்திருக்கிறார்.

எனக்குக் காரணம் புரிந்தது. ரப்பரில் கந்தகம் உண்டு, பழுப்புக் காகிதத்திலும் உண்டு. ரப்பர் பேண்டு குறுக்கே கிடந்த இடம்தான் அந்தப் பட்டை. சாதாரணமாக அசிங்கமாகக் கறுத்துப்போகும். உறை நடுவில் இருந்ததால் மெதுவாக, அளவாக ஏறியிருக்கிறது. வேண்டுமென்று செய்தால் இப்படி வராது.

கடை வழக்கப்படி இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காசைக் காற்றுப் புகாத வட்டச் சிமிழில் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய கண் மங்க ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் காசைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, எனக்கு எல்லாம் சாம்பலாத் தெரியுது, நீங்க பாத்துச் சொல்லுங்க என்பார். நான் சொல்வேன். கழுத்துக்குக் குறுக்கே நீலம், ஓரத்தில் ஊதா. வானொலியில் செய்தி கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். கண்ணுக்குள் கத்தி வைப்பது அவருக்கு மிகவும் பயம். கடைசியில் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தக் காசுதான் என்று சொன்னார்: இன்னொரு தடவை அந்தச் சால்வையை ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

இதை அவர் ஆன்ட்டியிடம் சொல்லவில்லை.

தனம் ஆன்ட்டி வந்த நாள்

அது வார நாள், மத்தியானம். தேக்காவில் வாங்கிய மீனும் கீரையும் பையில் இருந்தன. அதுவரை அவர் எங்கள் மாடிக்கு ஏறியதில்லை. அவரைப் பற்றி அங்கிள் சொல்லித்தான் தெரியும். நான் யார் என்று சரிபார்த்துக்கொண்டு, கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தார். வட்டச் சிமிழ். உள்ளே எட்வர்ட், புதுச் சில்வர் தட்டு போல.

"இதக் கறுப்பாக்கித் தரணும்மா. முன்ன இருந்த மாதிரி."

நுண்ணோக்கியில் வைத்தேன். கோடுகள் வட்டம் வட்டமாக இருந்தன. எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக விபூதி ஒட்டியிருந்தது. நான் கேட்கும் முன்பே ஆன்ட்டி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருடமாக அங்கிள் அந்தக் காசை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவதை அவர் கவனித்திருக்கிறார். கறுத்துப்போனதால் தெரியவில்லை என்று எண்ணியிருக்கிறார். சிமிழை நகத்தால் நெம்பித் திறந்து, அங்கிளின் பழைய வேட்டித் துணியால் தேய்த்திருக்கிறார்.

"சாமி சாமானத் தேய்க்கிற மாதிரிதாம்மா தேச்சேன். அழுத்திக்கூடத் தேய்க்கல."

கண்ணுக்குப் போட்ட மூடியை எடுத்ததும் அங்கிளுக்கு எல்லாமே வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. சமையலறை டைல்ஸ் இவ்வளவு வெள்ளையா என்று கேட்டிருக்கிறார். காசை எடுத்துப் பார்த்தார். அதுவும் வெள்ளை. கண் பழகட்டும், நீலம் தானாக வரும் என்று சொல்லிவிட்டு வைத்தார். மறுநாள் காலையில் ஜன்னலருகே போய்ப் பார்த்தார். அதற்கு மறுநாளும் போனார். ஆன்ட்டிக்கு அப்போதுதான் நீலம் என்று ஒன்று இருந்ததே தெரிந்திருக்கிறது. தன் வேலைதான் இது என்று புரிந்தபோது சொல்ல வாய் வரவில்லை.

"நேத்து என்கிட்ட வந்து சொல்றாரு. வானம் தெரியுது, உன் சேல தெரியுது, இது மட்டும் தெரியல தனம், நுணுக்கமான கலர் இந்தக் கண்ணுக்கு வராது போலன்னாரு. இன்னொரு கண்ணையும் கெடுத்துக்க வேணாமாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லப் போறாராம்."

இடது கண்ணில் அவருக்கு என்ன தெரிகிறது என்று கேட்டேன். விரல் எண்ணத் தெரிகிறது, முகம் தெரிவதில்லை என்றார் ஆன்ட்டி. இப்படியே விட்டால் போகப் போக அதுவும் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார்.

அங்கிளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். ஆன்ட்டி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

"சொன்னா திட்ட மாட்டாரும்மா. திட்டுனா நல்லாருக்கும். 'பரவால்ல தனம்'னு சொல்லிட்டு இதக் கொண்டுபோய் அலமாரிக்குள்ள வச்சிருவாரு. அப்புறம் வெளியவே எடுக்க மாட்டாரு. அவரத் தெரியாதா எனக்கு."

நான் காசையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நீலமாக்க முடியும். என் அலமாரியிலிருக்கும் ஒரு மருந்தும் கொஞ்சம் சூடும் போதும். நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். படம் வேறு என்னிடம் இருந்தது. ரப்பர் பேண்டு அகலத்துக்கு மறைத்துச் செய்தால் சால்வைகூட வந்துவிடும். ஆன்ட்டி நிம்மதியாகப் போவார். அங்கிள் நீலத்தைப் பார்ப்பார். இடது கண்ணும் பிழைக்கும்.

ஆன்ட்டியை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் பாஸிடம் பேசினேன். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. காசுக்குப் பொய்யாக நிறமேற்றுவது எங்கள் தொழிலில் கள்ளக் காசுக்குப் பக்கத்து வீடு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இவர் விற்கப்போவதில்லையே என்றேன்.

"அவரு விக்க மாட்டாரு. அவரு பேரன் விப்பான். வாங்குறவன் உன் நீலத்த நெஜ நீலம்னு நெனப்பான்" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அந்த அம்மாவ வெறுங்கையோட அனுப்பாத."

என்னைத் தடுத்தது அது மட்டுமில்லை. திரும்பி வரும்போது வேறொன்று புரிந்தது. அங்கிள் இப்போது அந்தக் காசை வைத்துத் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். நான் நீலம் போட்டுக்கொடுத்தால், அவர் தன் கண்ணை என்னுடைய பொய்யில் சோதிப்பார். இனி அவருடைய கண்ணுக்கு உண்மையிலேயே ஏதாவது வந்தாலும் இந்தக் காசை வைத்துத்தான் தீர்மானிப்பார். அளக்கும் கருவியில் பொய் சொல்லக்கூடாது என்பது எனக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தந்த பாடம்.

அது முடியாது ஆன்ட்டி என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். வெறுங்கையோடு அனுப்பாதே என்று பாஸ் சொன்னாரே, அதனால் இடுக்கிலிருந்த விபூதியை வடிகட்டிய தண்ணீரில் ஊறவைத்து எடுத்தேன். ஈரத்தை ஒற்றி எடுத்து, அசிட்டோனில் ஒரு தடவை முக்கி, உலர்த்தி, புதுச் சிமிழில் போட்டேன். ஆன்ட்டி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ தேய்க்கவே இல்லையேம்மா" என்றார்.

தேய்க்கக்கூடாது ஆன்ட்டி, ஒற்றத்தான் வேண்டும் என்றேன். அங்கிள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வதற்கு முன் சொல்லிவிடுங்கள், காசுக்காக இல்லை, கண்ணுக்காக என்றும் சொன்னேன். இன்று சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார். மீன் பையை மறந்துவிட்டுப் பாதிப் படி இறங்கித் திரும்பி வந்தார்.

சனிக்கிழமை

இருவரும் சேர்ந்து வந்தார்கள். அங்கிள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பின்னால் வந்த ஆன்ட்டி என்னைப் பார்த்துத் தலையை லேசாக இடமும் வலமும் அசைத்தார். சொல்லவில்லை.

அங்கிள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். காசு டாக்டர் என்று கூப்பிடவில்லை. சிமிழை மேசைமேல் வைத்து என் பக்கமாக நகர்த்தினார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா. திங்கட்கிழம ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லணும். நீலம் இருக்குன்னா, எனக்குக் கண்ணு சரியாகல. அவ்வளவுதான்."

நீலம் இல்லை என்றால் என்ன என்பதை அவர் யோசிக்கவே இல்லை. பாஸ் திடீரென்று ஆல்பங்களை அடுக்க ஆரம்பித்தார்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இல்லை அங்கிள் என்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதை நான் சொல்லக்கூடாது, சொல்ல வேண்டியவர் அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். காசை விளக்கடியில் வைத்தேன். இந்தப் பக்கம் சாய்த்தேன், அந்தப் பக்கம் சாய்த்தேன். உருப்பெருக்கியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். என் வேலையில் ஒரு காசை அவ்வளவு மெதுவாக நான் பார்த்ததே கிடையாது.

"அந்தப் பிள்ளையக் கேக்காதீங்க" என்றார் ஆன்ட்டி. "நான்தான் தேச்சேன்."

"எத?"

"எட்வர்ட. விளக்கோட சேத்து."

அங்கிள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கீழே பூக்கடையில் யாரோ முழம் எவ்வளவு என்று கேட்டது மேலே காதில் விழுந்தது.

"அப்ப காசுலயே நீலம் இல்லையா?"

"இல்லங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். நானும் இல்லை என்றேன். அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார்.

"அப்ப என் கண்ணு நல்லாருக்கு" என்றார். ஆன்ட்டி பக்கம் திரும்பி, "குருடாப் போயிருவேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தனம்" என்றார்.

ஆன்ட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கிள் உருப்பெருக்கியை வாங்கி முதல் தடவையாகக் காசை ஒழுங்காகப் பார்த்தார். எத்தனையோ காசுகள் பார்த்தவர்; கோடுகள் அவருக்குத் தெரியாமலிருக்காது. எதைப் போட்டுத் தேய்த்தாய் என்று கேட்டார். விபூதி என்றார் ஆன்ட்டி.

"நல்லவேள. புளி போடல."

பாஸ் ஆல்பத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். அங்கிள் சிமிழை மூடி ஒரு பக்கமாக வைத்தார். "பரவா..." என்று ஆரம்பித்தார்.

"பரவால்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

அங்கிள் ஆன்ட்டியை நிமிர்ந்து பார்த்தார். ஆன்ட்டியின் முகத்தை அந்தப் புதுக் கண்ணால் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"சரி, சொல்லல. வருத்தமாத்தான் இருக்கு. ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார்.

ஆன்ட்டி, ம் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்குப் படம் ஞாபகம் வந்தது. கணினியில் தேடி எடுத்து, திரை முழுக்கப் பெரிதாக்கி, அவர்கள் பக்கம் திருப்பினேன். கழுத்துக்குக் குறுக்கே பட்டை. ஓரத்தில் ஊதா.

அங்கிள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வலது கண்ணைக் கையால் மறைத்துப் பார்த்தார். பிறகு இடது கண்ணை மறைத்துப் பார்த்தார். மறுபடியும் வலது, மறுபடியும் இடது.

"இவ்வளவு நீலமாவா இருந்துச்சு?"

நான் தலையாட்டினேன்.

"இந்தக் கண்ணுல பாத்தா பழைய காப்பிக் கற மாதிரி இருக்கு. இந்தக் கண்ணுல பாத்தா..." அவர் முடிக்கவில்லை. ஆன்ட்டியின் கையைப் பிடித்துத் திரைக்கு அருகே இழுத்து, விரலால் பட்டையைக் காட்டினார். ஆன்ட்டி அதை முதல் தடவையாகப் பார்த்தார். மயில் கழுத்து மாதிரி இருக்கிறது என்றார்.

இந்தச் சால்வையை யார் போத்தினது தெரியுமா என்று அங்கிள் கேட்டார். ஆன்ட்டிக்குத் தெரியவில்லை.

"நீதான். உன் மெஷின் டிராயர்லதான் கெடந்துச்சு இத்தன வருஷம். நீ ரவிக்கைத் துணி சுத்தி வைக்கிற ரப்பர் பேண்டு. அதுல ஒண்ணத்தான் எடுத்து நான் கட்டி வச்சேன்."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். ஆன்ட்டி திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மேசையிலிருந்த சிமிழை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அங்கயே கெடக்கட்டும்" என்றார்.

நீலம் திரும்ப ஏற எவ்வளவு காலம் ஆகும் என்று அங்கிள் என்னைக் கேட்டார். சொல்ல முடியாது என்றேன். முதலில் மஞ்சள் வரும், நீலம் வர மிக நீண்ட காலம் ஆகும், வராமலும் போகலாம், வந்தாலும் அதே இடத்தில் வராது. எங்களுக்கு எழுபது தாண்டிவிட்டது என்றார் அங்கிள். தெரியும் என்றேன். இருக்கட்டும் என்றார். ஆன்ட்டி அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு

அவர்கள் போனதும் பாஸ் என்னைச் சீண்டினார். மருந்து போட மாட்டேன் என்றாய், இப்போது டிராயரில் போட்டு நிறமேற்ற அனுப்பிவிட்டாயே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் லா என்றார். நியாயமான கேள்விதான். நான் யோசித்துச் சொன்ன பதில் இது: மருந்து போட்டால் தேய்த்ததே நடக்காத மாதிரி ஆகிவிடும். டிராயரில் போட்டால் தேய்த்ததற்குப் பிறகு நடப்பது நடக்கும். பாஸ் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

யாரும் பின்னால் ஏமாறக்கூடாது என்பதற்காக, தேய்த்த காசையும் அடுத்த வாரம் படம் எடுத்துக்கொண்டேன். காசு தேய்க்கப்பட்டது, மீண்டும் நிறமேறக்கூடும் என்ற குறிப்போடு இரண்டு படங்களையும் அச்சடித்து அங்கிளிடம் கொடுத்து, காசோடு சேர்த்தே வைக்கச் சொன்னேன். சிமிழுக்குள் இருந்தால் எதுவும் நடக்காது என்பதால் பழுப்பு உறையில் மாற்றினோம். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இரண்டாவது முறை அது அவ்வளவு அழகாக வராது.

இளம் சேகரிப்பாளர்கள் என்னிடம் கேட்பதற்குப் பதில் இதுதான். நிறமேறிய காசைச் சுத்தம் செய்யாதீர்கள். சந்தேகமாக இருந்தால் இன்று செய்யாதீர்கள், நாளைக்கும் செய்யலாம். செய்துவிட்டால் திருப்ப முடியாது. அதைவிட முக்கியமாக, உங்கள் காசில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். என்னிடமும் பாஸிடமும் சொன்னால் போதாது.

இப்போதைய நிலவரம்: அங்கிளுக்கு இடது கண்ணும் ஆயிற்று. ஆன்ட்டி வருடா வருடம் விளக்கையும் குங்குமச் சிமிழையும் மட்டும் துலக்குகிறார். எட்வர்ட் டாலர் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. போன மாதம் கொண்டுவந்தார்கள். கீழ் விளிம்பில், பொறித்த ஆண்டுக்குப் பக்கத்தில், வைக்கோல் மஞ்சள் நிறத்தில் ஒரு கீற்று ஏறியிருக்கிறது. அங்கிள் வலது கண்ணால் பார்த்து மஞ்சள் என்றார். இடது கண்ணால் பார்த்தும் மஞ்சள் என்றார்.